28 பக்கம், ஒரே ஆயா: ஏஐ படங்களில் ஆள் மாறாமல் பார்த்துக்கொண்ட வேலைக் குறிப்பு

வேலை இதுதான். சிறுவர்களுக்கான படக்கதை, 28 பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூ கட்டி விற்கும் அஞ்சலை ஆயா, கூடவே சுற்றும் ஏழு வயதுப் பேரன் முருகு. ஆயா 24 பக்கத்தில் வருகிறார், முருகு 21 பக்கத்தில், இருவரும் சேர்ந்து 17 பக்கத்தில்.

அழகான படம் ஒன்றை வரவழைப்பது இன்றைக்குப் பெரிய காரியமில்லை. முதல் பக்கத்து ஆயாவும் இருபதாம் பக்கத்து ஆயாவும் ஒரே ஆள்தான் என்று ஐந்து வயதுக் குழந்தை நம்ப வேண்டுமே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இந்த விஷயத்தில் குழந்தைகள் ரொம்பக் கறார். கண்ணாடி ஃபிரேம் கொஞ்சம் மெலிந்தாலே "இது வேற ஆயா" என்று சொல்லிவிடும்.

கருவிகள்: 12 ஜிபி விராம் (கார்டின் சொந்த நினைவகம்) உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 32 ஜிபி ராம், படம் வரையும் மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல், அதை ஓட்டும் நிரலான காம்ஃபியுஐ, லோரா (ஒரு ஆளை மட்டும் மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும் சின்னத் துணைக்கோப்பு) பயிற்சிக்குக் கோயா ஸ்கிரிப்டுகள், கை வேலைக்கு க்ரிட்டாவும் ஜிம்ப்பும். இதைவிடப் பெரிய கார்டு இருந்தால் நேரம் மிச்சமாகும், முறை மாறாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கார்டு வாங்குகிறவர்கள் விராம் 12 ஜிபியா என்று கேட்டு வாங்க வேண்டும். 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் உண்டு.

ஐந்தாறு படம் மட்டும் போதுமென்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. மூலப் படம் ஒன்றைக் கொடுத்து 'இதே ஆளை இப்படி மாற்று' என்று கேட்கும் எடிட் மாடல்கள் 2025இல் நன்றாகவே வந்துவிட்டன. ஃப்ளக்ஸ் கான்டெக்ஸ்ட், க்வென் இமேஜ் எடிட், ஜெமினியின் பட எடிட்டர், மிட்ஜர்னியின் ஆம்னி ரெஃபரன்ஸ் எல்லாம் அந்த வகை. பத்துப் படத்தைத் தாண்டும்போதுதான் லோரா தன் வேலையைக் காட்டும்.

சீடை மாற்றாமல் வைத்தால் முகம் மாறாது என்பது இன்னும் பலரிடம் இருக்கும் நம்பிக்கை. சீடு எண் தீர்மானிப்பது மாடல் படத்தைத் தொடங்கும் தாறுமாறான புள்ளிக் கலவையை, அதாவது இரைச்சலை மட்டும்தான். ப்ராம்ப்ட் (மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் வர்ணனை), அளவு, சாம்ப்ளர் (இரைச்சலைப் படிப்படியாகப் படமாக்கும் முறை) எல்லாம் அப்படியே இருந்தால் அதே படம் திரும்ப வரும். 'உட்கார்ந்திருக்கிற' என்பதை 'நடக்கிற' என்று மாற்றினால் அதே இரைச்சலிலிருந்து வேறொரு ஆள் எழுந்து வருவார். சதுரத்தை அகலப் படமாக மாற்றினால் இரைச்சலே வேறு. இன்னொன்றும் உண்டு: காம்ஃபியுஐ அந்த இரைச்சலை சிபியுவில் உண்டாக்குகிறது, அதே வேலைக்கான இன்னொரு நிரலான ஆட்டோமேட்டிக்1111 வழக்கமாக ஜிபியுவில். அதனால் ஒன்றில் பிடித்த சீடை மற்றொன்றில் போட்டால் வேறு படம் வரும். சீடு எண்ணைக் குறித்து வைப்பது அவசியம்தான், ஆனால் அது அதே பக்கத்தை மறுபடி எடுப்பதற்கு. ஆளைப் பிடித்து வைக்க அது உதவாது.

வர்ணனையை நீட்டினால் சரியாகும் என்பதும் அதே கதைதான். 'அறுபது வயது, மெலிந்த உடல், வட்டக் கண்ணாடி, நரைத்த கொண்டை' என்றால் அதற்குப் பொருந்துகிறவர்கள் மாட வீதியிலேயே நாலு பேர் இருப்பார்கள். மாடலும் ஒவ்வொரு தடவையும் வேறொருவரைத்தான் கொண்டுவரும். தவிர, எக்ஸ்எல்லில் நம் சொற்களை எண்ணாக மாற்றும் க்ளிப் குறியாக்கி ஒரு மூச்சில் 77 டோக்கன்தான் (சொல் துண்டு) படிக்கும், அதில் நமக்குக் கிடைப்பது 75. தமிழில் எழுதிப் பார்க்கிறவர்கள் கவனிக்க: தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். 'ஆயா' என்ற குட்டிச் சொல்லே ஒன்பது பைட். அது துண்டு துண்டாக உடைந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், க்ளிப்புக்குப் பொருளும் எட்டாது. இந்த மாடலுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

அடையாளங்களைத் தேர்ந்தெடுப்பது

கணினியைத் தொடுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. பாதி வெற்றி இங்கேயே கிடைத்துவிடும். பாத்திரத்தை வாசகர் அடையாளம் காண்பது முகத்தால் மட்டுமில்லை. நிழலுருவம், பெரிய வண்ணப் பட்டை, முகத்தில் இருக்கும் ஒன்றிரண்டு தடித்த அடையாளம், இவைதான் தூரத்திலிருந்தும் தெரியும். எந்த அடையாளத்தை மாடல் காப்பாற்றும், எதைத் தொலைக்கும் என்று தெரிந்து பாத்திரத்தை வடிவமைத்தால் பின்னால் வரும் வேலை பாதியாகும்.

மாடலுக்கு எண்ணத் தெரியாது. கையில் மூன்று வளையல் என்று முடிவு செய்தால் ஒரு பக்கத்தில் ஐந்து இருக்கும், இன்னொன்றில் இரண்டு. வளையலே வேண்டாம், அல்லது அகலமான காப்பு ஒன்று போதும். கட்டம் போட்ட புடவை, புள்ளி போட்ட சுங்குடி இரண்டும் பார்க்க ஆசையாக இருக்கும். கட்டத்தின் அளவு பக்கத்துக்குப் பக்கம் மாறும், மடிப்பில் கோடுகள் கோணலாகும். உடலில் ஒரே நிறம், அகலமான கரை, அவ்வளவுதான் நிலைக்கும். ஆயாவுக்கு பாட்டில் பச்சைப் புடவை, நான்கு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை. பச்சைக்கு ஆர்ஜிபி 0, 106, 78. அரக்குக்கு 128, 24, 32. இந்த எண்கள் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், ஞாபகத்தை நம்பக்கூடாது.

இடது, வலது குழப்பம் தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தனித் தலைவலி. முந்தானை இடது தோளில்தான் விழும். மூக்குத்தி ஒரு பக்கம் மட்டும் என்றால் மாடல் நினைத்த பக்கம் குத்தும். முந்தானையை மாற்ற முடியாது, அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே வரும். மூக்குத்திக்குச் சுலபமான தந்திரம் உண்டு: நம் பாட்டிமார் பலரைப் போல இரண்டு பக்கமும் மூக்குத்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று தெரியும், தப்பாகப் போக வாய்ப்பே இல்லை.

கடைசியில் ஆயாவுக்கு நின்ற அடையாளங்கள் ஐந்து: பின்கழுத்தில் உருண்டை நரைக் கொண்டை, தடித்த கறுப்பு வட்ட ஃபிரேம் கண்ணாடி, பெரிய குங்குமப் பொட்டு, இருபக்க மூக்குத்தி, பச்சைப் புடவையும் அரக்குக் கரையும். இடுப்பில் சுருக்குப் பை வேண்டும் என்று கதையில் இருந்தது. மாடலுக்குச் சுருக்குப் பை என்றால் என்னவென்றே தெரியாது. சின்னத் துணிப் பை என்று கேட்டால் ஒருமுறை ஹேண்ட்பேக், ஒருமுறை புடவையோடு ஒட்டிய கட்டி. அதை மாடலிடம் கேட்பதையே விட்டுவிட்டு, க்ரிட்டாவில் மூன்று கோணத்தில் வரைந்து வைத்து, தேவைப்படும் பக்கத்தில் ஒட்டுவதே நிம்மதி. தலையில் மல்லிகைச் சரமும் அப்படித்தான். மாடல் தரும் பூ ரோஜா அளவுக்கு வீங்கிவிடும்.

முருகுவுக்கு முன்பல் விழுந்த இடைவெளியை அடையாளமாக வைக்க யோசனை இருந்தது. வாயை மூடினால் போய்விடும் அடையாளம் அடையாளமே இல்லை. அதற்குப் பதிலாக உச்சியில் நட்டுக்கொண்டு நிற்கும் முடிக்கற்றை, மஞ்சள் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, நீல ரப்பர் செருப்பு.

மூலப் படமும் பயிற்சிப் படங்களும்

மூலப் படம் ஒன்றே ஒன்று. வரையத் தெரிந்தவர் கையால் வரைந்து கொடுத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இல்லையென்றால் நூறு, இருநூறு படம் எடுத்து அதிலிருந்து ஒன்று, பிறகு க்ரிட்டாவில் கரை, பொட்டு, மூக்குத்தி எல்லாவற்றையும் சரிசெய்து, இதுதான் ஆயா என்று பூட்டிவிட வேண்டும். அதன் பிறகு அந்தக் கோப்பில் கை வைக்கக்கூடாது.

அந்த ஒன்றிலிருந்து எடிட் மாடல் மூலம் மற்ற கோணங்களை எடுக்க வேண்டும். இங்கே ஏறக்குறைய எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு: முன்பக்கத்திலிருந்து முக்கால் பக்கம், அதிலிருந்து பக்கவாட்டு, அதிலிருந்து முதுகுப் பக்கம் என்று சங்கிலியாக எடுப்பது. ஒவ்வொரு சுற்றிலும் படம் சுருக்கப்பட்டுத் திரும்ப விரிக்கப்படுகிறது, கொஞ்சம் விவரம் போகிறது, தோல் வழுவழுப்பாகிறது, மாடலின் சொந்த ரசனை கொஞ்சம் ஏறுகிறது. நான்காவது, ஐந்தாவது சுற்றில் ஆயா பொம்மைக் கடை ஆயா ஆகிவிடுவார். முந்தின படத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது என்பதுதான் இதில் மோசம். ஆகவே எந்தக் கோணமும் மூலப் படத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். முதுகுப் பக்கத்துக்கு மட்டும் விலக்கு. மூலத்தில் முதுகு தெரியாது, அதனால் கையால் திருத்திய பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

உரிமம் ஒரு வார்த்தை. க்வென் இமேஜ் எடிட் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. 20 பில்லியன் பாராமீட்டர் என்பதால் 12 ஜிபி கார்டில் குறுக்கிய கோப்பைத்தான் ஓட்ட முடியும், பொறுமையும் வேண்டும். முக அடையாளத்துக்கு இன்சைட்ஃபேஸ் என்ற முகம் கண்டறியும் நிரலைப் பயன்படுத்தும் கருவிகளை விற்பனைக்கான புத்தகத்தில் தொடாமலிருப்பது நல்லது. அதன் தயார் மாடல்கள் வணிகமல்லாத ஆராய்ச்சிக்கு மட்டுமே. கோட்டோவியப் பாணி முகத்தை அது சரியாகக் கண்டுகொள்வதும் இல்லை, எனவே இழப்பு ஒன்றுமில்லை.

60 படம் எடுத்தால் 24 தேறும். அந்த 24இல் முகம் நெருக்கத்தில் 8, இடுப்பு வரை 10, முழு உருவம் 6. இவற்றுக்குள் முதுகுப் பக்கம் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயா கதை முழுக்க நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிரிப்பு, கோபம், அயர்வு, ஆச்சரியம், கண் மூடியது, பேசுவது என்று முகபாவம் ஆறு. எல்லாமே வெள்ளைப் பின்னணியில் இருந்தால் வெள்ளைப் பின்னணியும் ஆயாவின் அங்கமாகிவிடும். பாதிக்கு மேல் வெவ்வேறு பின்னணி தேவை.

ஒவ்வொரு படத்துக்கும் எழுதும் குறிப்பில் ஒரே விதிதான்: எதை எழுதுகிறோமோ அது மாற்றக்கூடியதாக நிற்கும், எதை எழுதாமல் விடுகிறோமோ அது அழைப்புச் சொல்லுக்குள், அதாவது பின்னால் ப்ராம்ப்டில் எழுதி ஆயாவை வரவழைக்கும் சொல்லுக்குள் கரையும். அழைப்புச் சொல் ஆங்கில எழுத்தில், எந்தப் பொருளும் இல்லாத ஐந்தாறு எழுத்துக் கோவையாக இருக்கட்டும். 'அஞ்சலை' போல ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் மாடலுக்கு 'ஏஞ்சலினா' சாயல் ஞாபகம் வரும். கண்ணாடி, பொட்டு, மூக்குத்தி, கொண்டை, புடவை எதையும் குறிப்பில் எழுதக்கூடாது. பின்னணி, இருக்கும் நிலை, கேமரா கோணம், முகபாவம், வெளிச்சம், இவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆயா ஒரு பக்கத்தில் தூங்கும்போது கண்ணாடி இல்லாமல் இருக்கிறார். அப்படி இரண்டு படத்தைச் சேர்த்து, அவற்றில் மட்டும் 'கண்ணாடி இல்லாமல்' என்று எழுதினால் அந்தக் கதவும் திறந்திருக்கும்.

பயிற்சி

கோயாவில் போட்ட எண்கள் அப்படியே: அளவு 1024, ரேங்க் 16, ஆல்ஃபா 8, கற்றல் வேகம் 0.0001, டெக்ஸ்ட் என்கோடர் பயிற்சி இல்லை, பேட்ச் 2 (ஒரு படிக்கு இரண்டு படம்), ரிப்பீட் 5 (ஒரு சுற்றில் ஒரு படம் ஐந்து முறை), எபோக் 20 (இருபது சுற்று). மொத்தப் படிகள்: 24 பெருக்கல் 5 பெருக்கல் 20, வகுத்தல் 2, ஆக 1200. ஆப்டிமைசர் ஆடம்டபிள்யூ 8 பிட், கிரேடியன்ட் செக்பாயின்டிங் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் 12 ஜிபி போதாது. இரண்டு எபோக்குக்கு ஒருமுறை சேமித்தால் பத்துக் கோப்பு கிடைக்கும். கரன்ட் போனாலும் எல்லாம் போகாது.

ஃப்ளிப் ஆக்மென்டேஷன் என்று ஒரு வசதி உண்டு. படங்களை இடவலமாகப் புரட்டி எண்ணிக்கையைக் கூட்டும். ஆயாவுக்கு அது பகை. பாதிப் படங்களில் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், லோரா இரண்டையும் சரி என்று கற்றுக்கொள்ளும். அணைத்து வைக்க வேண்டும். முந்தானைக்கு வழி என்று மேலே சொன்னது இதுதான். பயிற்சிப் படங்களில் ஒன்றுகூடத் தப்பான தோளில் இருக்கக்கூடாது. செல்ஃபி போலக் கண்ணாடி பிம்பமாகப் புரண்ட படம் தெரியாமல் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேர்ந்தது.

3060இல் இது ஒன்றரையிலிருந்து மூன்று மணி நேரம் ஓடும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் ஓட்டுகிறவர்கள் கார்டின் பவர் லிமிட்டை 170 வாட்டிலிருந்து 130க்கு இறக்கலாம். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும்.

பத்துக் கோப்பில் எது நல்லது என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒரே சீடில், பத்துக் கோப்பு, எடை (லோராவுக்குக் கொடுக்கும் அழுத்தம்) 0.6, 0.8, 1.0, நான்கு ப்ராம்ப்ட். 120 படம் ஒரு பெரிய அட்டவணையாக. பயிற்சியில் இல்லாத காட்சிகளாகக் கேட்பது முக்கியம்: ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார், மழையில் குடை பிடிக்கிறார், பின்னாலிருந்து படிக்கட்டு ஏறுகிறார், வாய்விட்டுச் சிரிக்கிறார். ஆட்டோ மஞ்சளாக வராமல் பச்சையாக வந்தால் பயிற்சி அதிகமாகிவிட்டது, புடவை நிறம் வெளியே வழிகிறது. பின்னால் நிற்கும் பயணிகள் எல்லோருக்கும் வட்டக் கண்ணாடி வந்தாலும் அதே நோய்தான். குறைந்த பயிற்சியில் கண்ணாடியும் கொண்டையும் சரியாக வந்து முகம் மட்டும் ஊராருடைய முகமாக இருக்கும். இந்த வேலையில் 14ஆவது எபோக் கோப்பு, எடை 0.8 என்பதே கடைசி வரை நின்றது. கடைசிக் கோப்புதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை.

ஓரிரு பக்கத்தில் மட்டும் வரும் ஆட்டோக்காரருக்கும் எதிர்க்கடை அண்ணாச்சிக்கும் லோரா தேவையில்லை. பயிற்சி இல்லாமலே ஒரு படத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் ஐபி-அடாப்டரில் ஒரு படத்தைக் கொடுத்து 0.6, 0.7 எடையில் ஓட்டினால் போதும். 0.9க்கு மேல் ஏற்றினால் ஆளோடு சேர்த்து அந்தப் படத்தின் நிலையையும் பின்னணியையும் நகலெடுக்கும்.

முகம் சின்னதாகும்போது

முழு உருவப் பக்கங்களில் முகம் கூழாகிவிடும். இதற்கு லோராவைத் திட்டிப் பயனில்லை, கணக்கைப் பார்த்தால் புரியும். 1024 பிக்சல் படத்தை மாடல் உள்ளே 128 கட்டமாகத்தான் கையாள்கிறது, ஒரு கட்டத்துக்கு 8 பிக்சல். ஆயா 600 பிக்சல் உயரம் நின்றால் தலை ஏறக்குறைய 85 பிக்சல், அதாவது பத்துப் பதினொரு கட்டம். அதற்குள் இரண்டு கண், கண்ணாடி, பொட்டு, மூக்கு எல்லாம் வர வேண்டும். மூக்குத்தி இரண்டு பிக்சல், அதற்குக் கால் கட்டம்கூடக் கிடையாது. எங்கே தெரியும்?

வழி: முகப் பகுதியை மட்டும் வெட்டி, 1024க்குப் பெரிதாக்கி, லோராவோடு திரும்ப வரைந்து, சுருக்கி அதே இடத்தில் ஒட்டுவது. ஆட்டோமேட்டிக்1111இல் ஏடீடெய்லர், காம்ஃபியுஐயில் இம்பாக்ட் பேக்கின் ஃபேஸ்டீடெய்லர் இதைத் தானாகச் செய்யும். இதில் டீநாய்ஸ் அளவுதான் (இருக்கும் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற எண்) உயிர். 0.35இல் முகம் தெளியும், பாவம் மாறாது. 0.5இல் அழுகிற ஆயா லேசாகப் புன்னகைக்கத் தொடங்குவார். 0.6ஐத் தாண்டினால் கீழே பூவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து கேமராவைப் பார்ப்பார், பயிற்சிப் படங்களில் நேர்ப்பார்வை அதிகம் என்பதால். இந்தச் சுற்றுக்குத் தனி ப்ராம்ப்ட் கொடுக்க வேண்டும். பக்கத்தின் முழு ப்ராம்ப்டையே கொடுத்தால் 'கோயில் வாசல், கூட்டம்' என்பதையெல்லாம் கன்னத்தில் வரையப் பார்க்கும்.

இருவரும் ஒரே படத்தில்

17 பக்கம் இப்படி. இரண்டு லோராவையும் 0.8இல் சேர்த்து ஓட்டினால் முருகுவுக்குக் கண்ணாடி வரும், ஆயாவுக்கு முடிக்கற்றை நிற்கும், சட்டையும் புடவையும் நடுவழியில் ஒரு கிளிப்பச்சையில் சமாதானமாகும். எந்த அடையாளம் யாருக்கு என்று பிரித்து வைக்க மாடலுக்கு உள்ளே சுவர் கிடையாது.

எனவே முதலில் எந்த லோராவும் இல்லாமல் காட்சியை மட்டும் அமைக்க வேண்டும். ஒரு வயதான பெண், ஒரு சிறுவன், இடம், வெளிச்சம். பிறகு பின்னால் இருப்பவரை மாஸ்க் செய்து (அந்தப் பகுதியை மட்டும் தனியே குறித்து) அவருடைய லோராவோடு மட்டும் 0.65 டீநாய்ஸில் வரைய வேண்டும், அதன் பிறகு முன்னால் இருப்பவரை. வரிசை மாறினால் முன்னால் இருப்பவரின் விளிம்பு கடிபடும். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்கும் காட்சியில் மாஸ்க் எங்கே பிரியும் என்றே தெரியாது, விரல்கள் யாருடையவை என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். 26ஆம் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தது. முருகு முதுகில் தொற்றிக்கொள்வதாக மாற்றியதும் இரண்டு கை மட்டும் க்ரிட்டாவில் வரைந்தால் போதும் என்றாகிவிட்டது. கதாசிரியரைச் சம்மதிக்க வைப்பது கையை வரைவதைவிடச் சுலபம்.

உயர விகிதம் தனியாகக் கெடும். ஆயா ஐந்தடி, முருகு மூன்றே முக்கால் அடி, அதாவது நான்குக்கு மூன்று. எல்லா வரைவுத் தாளிலும் இந்த இரண்டு கோட்டையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். படத்தின் அமைப்பைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல்நெட்டில் ஓப்பன்போஸ் எலும்புக்கூடு (உடல் நிற்கும் நிலையைக் காட்டும் கோட்டுருவம்) கொடுக்கிறவர்கள் பெரியவர் எலும்புக்கூட்டை அப்படியே சின்னதாக்கி முருகுவுக்குப் போடுவார்கள். வருவது குள்ளமான இளைஞன். பெரியவர் உடல் ஏழு, ஏழரைத் தலை உயரம் என்றால் ஏழு வயதுக் குழந்தை ஆறு தலை உயரம். கை, கால் எலும்பைக் குறைத்துத் தலையை அப்படியே விட வேண்டும்.

நிறம்

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயாவின் தோல் நிறம் மூலப் படத்தில் ஆர்ஜிபி 122, 74, 46. ஜிம்ப்பின் லேப் அளவில் வெளிச்ச எண் (0 கறுப்பு, 100 வெள்ளை) 36. எதுவும் செய்யாமல் விட்டால் பக்கம் போகப் போக இது 40, 44 என்று ஏறும். மாடல் கற்ற படங்களில் அழகு, நல்ல தரம், மென்மையான ஒளி என்ற சொற்கள் எந்தத் தோலோடு ஒட்டியிருந்தனவோ அந்தத் திசைக்கு இழுக்கும். 'தென்னிந்தியப் பெண்' என்று சேர்த்தால் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் போட்டு மேடை நாட்டியத்துக்கு அனுப்பிவிடும். 'அழகான', 'ஒளிரும்', 'தலைசிறந்த படைப்பு' மாதிரி வழக்கமாக ஒட்டும் சொற்களை எல்லாம் ப்ராம்ப்டிலிருந்து எடுத்தாலே பாதி இழுப்பு நிற்கும்.

மீதிக்கு அளந்து திருத்த வேண்டியதுதான். நெற்றி, கன்னம், முன்கை என்று மூன்று இடத்தில் நிறமெடுத்துச் சராசரி. பகல் காட்சியில் வெளிச்ச எண் 33க்கும் 39க்கும் நடுவில் இருந்தால் விடலாம். தாண்டினால் படத்தை மறுபடி எடுக்க வேண்டாம். தோலை மட்டும் மாஸ்க் செய்து கர்வில் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வளைகோடு) இறக்கினால் போதும். மெரினாவில் சாயங்காலம், தெருவிளக்கடியில் இரவு மாதிரிப் பக்கங்களில் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அங்கே பகல் வெளிச்சத்தில் ஆளைச் சரியாக எடுத்துவிட்டு, மஞ்சளையும் நீலத்தையும் தனி லேயராக மேலே போட்டால் ஆயா, முருகு, புடவை, மணல் எல்லாம் ஒரே அளவில் மாறும்.

இடங்களுக்கும் இதே கறார் வேண்டும். மெரினா லைட்ஹவுஸ் முக்கோணக் கட்டடம், சிவப்பு வெள்ளைப் பட்டை. மாடலிடம் கேட்டால் உருண்டைத் தூண்தான் வரும். சென்ட்ரல் மணிக்கூண்டும் கபாலி கோயில் கோபுரமும் எங்கேயும் இல்லாத ஊராக வரும். நாமே போய் மொபைலில் எடுத்த போட்டோவிலிருந்து டெப்த் மேப் (எது அருகில், எது தூரத்தில் என்று காட்டும் படம்) எடுத்து, கண்ட்ரோல்நெட்டில் 0.6 எடை, படிகளில் 70 சதவீதத்தில் நிறுத்தம் என்று வைத்தால் கட்டடம் நிற்கும், பாணியும் நம்முடையதாக இருக்கும். பலகையில் தமிழ் எழுத்தை மாடலிடம் கேட்கவே வேண்டாம். வெற்றுப் பலகை வாங்கி, இன்க்ஸ்கேப்பில் எழுதிக்கொள்வது அரை நிமிடம்.

சரிபார்ப்பு

நாள் முடிவில் எல்லாப் பக்கத்து ஆயா முகத்தையும் 200 பிக்சல் சதுரமாக வெட்டி ஒரே தாளில் அடுக்கி, நடுவில் மூலப் படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 9ஆம் பக்கத்தை 8ஆம் பக்கத்தோடு ஒப்பிட்டால் சரியாகத்தான் இருக்கும். மூலத்தோடு ஒப்பிட்டால் கண்ணாடி ஃபிரேம் மெலிந்திருப்பது, கொண்டை கழுத்திலிருந்து உச்சிக்கு ஏறியிருப்பது, சுருக்கம் மறைந்து ஆயாவுக்குப் பத்து வயது குறைந்திருப்பது எல்லாம் ஒரு பார்வையில் தெரியும். அதே தாளைக் கறுப்பு வெள்ளையாகவும் ஒருமுறை பார்த்தால் தோல் வெளுப்பு இன்னும் சீக்கிரம் கண்ணில் படும். இந்த வேலையில் இப்படித் திரும்பப் போன பக்கங்கள் ஆறு: 5, 9, 12, 13, 20, 22.

காம்ஃபியுஐ சேமிக்கும் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே சீடு, ப்ராம்ப்ட், லோரா எடை, முழு வேலைப்படம் (எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்ற வரைபடம்) எல்லாம் ஒளிந்திருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் ஜேபெக் ஆகி அத்தனையும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்ப வேண்டும். வேலை முடியும் வரை காம்ஃபியுஐயையோ அதன் துணை நிரல்களையோ அப்டேட் செய்வதும் கூடாது. ஆன்லைன் சேவையில் செய்கிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. மாடல் அங்கே நாம் கேளாமலே மாறும், மூன்றாம் பக்கத்தை அதே சாயலில் திரும்ப எடுக்க வழியிருக்காது. அவர்கள் எல்லாப் பக்கத்தையும் ஒரே வாரத்தில் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

அச்சு

புத்தகம் எட்டரை அங்குலச் சதுரம், நான்கு ஓரத்திலும் 3 மிமீ ப்ளீட் (வெட்டுவதற்காக விடும் கூடுதல் ஓரம்), 300 டிபிஐ. ஆக 2621 பிக்சல் தேவை. ஈஎஸ்ஆர்கேன் அப்ஸ்கேலரில் நான்கு மடங்காக்கி 4096க்குக் கொண்டுபோய் அங்கிருந்து 2621க்குச் சுருக்குவது பாதுகாப்பு. டிஃப்யூஷன் வழியாகத் துண்டு துண்டாகப் பெரிதாக்கும் முறையில் டீநாய்ஸ் 0.25க்கு மேல் போனால் இவ்வளவு பாடுபட்ட முகத்தை அது தன் இஷ்டத்துக்குத் திரும்ப எழுதிவிடும்.

அச்சு மை நிறங்களான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது பழுப்புத் தோலில் கறுப்பு மை கலந்து, பூச்சில்லாத தாளில் சாம்பல் பூத்தது போல வரும். டம்மி பிரிண்ட் (மாதிரி அச்சு) பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. அதைப் பக்கம் பக்கமாகச் செய்தால் இத்தனை நாள் அளந்தது வீண். ஒரே கர்வ், 28 பக்கத்துக்கும் ஒரே கோப்பாகச் சேமித்துப் போட வேண்டும். இரண்டாவது டம்மியில் தோல் சரி, கரை சரி, முந்தானை எல்லாப் பக்கத்திலும் இடது தோளில். 11ஆம் பக்கத்தில் முருகுவின் ஒற்றைக் கால் செருப்பு மட்டும் நீலத்துக்குப் பதில் கறுப்பாக இருந்தது, அத்தனை சரிபார்ப்புத் தாளிலும் முகத்தை மட்டுமே வெட்டி அடுக்கியிருந்ததால். அடுத்த வேலைக்குத் தாளில் கால்களுக்கும் ஒரு வரிசை சேர்ந்திருக்கிறது.